சான்று தேவை

மணி இரண்டே காலாகியும் கோமதிநாயகம் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. 'இப்பயனரைத் தடைசெய்' என்று திரையில் நீலக் கட்டமாக அது இருந்தது. எத்தனை நாள் என்று கேட்கும் இடத்தில் ஒரு வாரம் என்று தேர்ந்தெடுத்தாயிற்று, காரணம் கேட்கும் இடத்தில் 'தொடர்ந்து தொகுத்தல் போர்' என்று எழுதியாயிற்று, இனி விரலைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும், ஆனால் விரல் மவுஸின் முதுகில் சும்மா படுத்துக் கிடந்தது. அழுத்தவேண்டியதுதான். இதைவிடச் சின்னக் குற்றத்துக்கெல்லாம் அழுத்தியிருக்கிறார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதை வேண்டுமானாலும் யாரும் திருத்தலாம் என்று நடக்கிற இணையக் கலைக்களஞ்சியம் அது. ஒருவர் போட்டதை இன்னொருவர் அழிப்பதும் அழித்ததை முதலாமவர் திரும்பப் போடுவதுமாகச் சண்டை முற்றுகிறபோது நடுவில் போய் உட்காருவதற்குச் சில ஆட்கள் வேண்டியிருக்கிறது, நிர்வாகி என்று அவர்களுக்குப் பெயர், ஒன்பது வருஷமாக அவர் அந்த வேலையைச் செய்கிறார். இடியாப்பமா இடியப்பமா என்று மூன்று வாரம் நடந்தது. ஒரு சிற்றாறு எந்த மலையில் தொடங்குகிறது என்று இரண்டு ஊர்க்காரர்கள் ஒரு மழைக்காலம் முழுக்க அடித்துக்கொண்டார்கள். ஒரு நடிகையின் பிறந்த வருஷத்துக்காக ஒரே நாளில் நாற்பத்தொரு தடவை பக்கம் மாறியது. அதிலெல்லாம் அவருக்கு விரல் தயங்கியதில்லை. இதில் என்ன, ஒரு எண். இருபத்தேழா, இருபத்தெட்டா. நெடுங்கழி படகு விபத்து, 1983. உப்பளத்து வேலைக்குப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு, கடல்நீர் உள்ளே புகுந்து நிற்கும் கழியைக் கடந்த படகு கவிழ்ந்தது. 'இருபத்தேழு பேர் உயிரிழந்தனர்' என்று பக்கத்தில் இருக்கிறது. கழிக்கரை83 என்ற பயனர் வந்து அதை இருபத்தெட்டு ஆக்குகிறார். முகிலரசு என்ற பயனர் வந்து அதை இருபத்தேழு ஆக்குகிறார். பதினேழு நாளாக இதுதான், ஏழு எட்டாகிறது, எட்டு ஏழாகிறது, யாரோ ஒரு பெண் தினம் இரண்டு தடவை தண்ணீருக்குள் போய்விட்டு வெளியே வருவதுபோல, என்று நினைத்த உடனே அந்த நினைப்பு அவருக்குப் பிடிக்காமல் போயிற்று, மவுஸிலிருந்து கையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டார்.

மின்விசிறி சுற்றுவது மேசைமேல் கிடந்த தாளின் ஓரம் துடிப்பதில் தெரிந்தது. சத்தம் அவருக்கு அப்படித்தான், ஏதாவது ஒன்றின் ஓரம் துடித்தால் உண்டு. நாற்பத்தேழு வயதில் இடது காதில் ஒரு இரைச்சலாகத் தொடங்கியது, இரண்டு வருஷத்தில் வலது காதும் கூடச் சேர்ந்துகொண்டது, பாளையங்கோட்டையில் கல்லூரி நூலகத்தில் இருந்தவருக்கு அமைதி நல்லதுதானே என்று முதலில் கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், பிறகு பையன்கள் ஒரு புத்தகத்தின் பெயரைக் கேட்க அவர் வேறொன்றை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். காதில் மாட்டுகிற மெஷின் ஒன்று வாங்கினார்கள். அதைப் போட்டால் தட்டு வைப்பது இடி விழுகிற மாதிரியும் மனிதர் பேசுவது பக்கத்து அறையில் யாரோ சாமான் இழுக்கிற மாதிரியும் இருந்தது, அலமாரியில் டப்பாவுக்குள் வைத்து மூடியாயிற்று. அதற்குப் பிறகுதான் இந்தக் கலைக்களஞ்சியம். அதில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு பக்கம் உண்டு, பேச்சுப் பக்கம் என்று அதற்குப் பெயர், கட்டுரையைப் பற்றி ஆளாளுக்குப் பேசிக்கொள்ளும் இடம், எழுதுகிற ஒவ்வொருவர் பெயரிலும்கூட அப்படி ஒன்று உண்டு. பேச்சு என்ற அந்தச் சொல்லை முதல்முதல் பார்த்தபோது அவர் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாரும் யாருக்கும் கத்தவேண்டியதில்லை. அங்கே அவருக்கு எல்லாம் கேட்டது. ஒன்பது வருஷத்தில் ஒருவருக்கும் அவருக்குக் காது கேட்காது என்று தெரியாது. இரண்டு தடவை மதுரையில் எல்லோரும் நேரில் கூடினார்கள், அவசியம் வரணும் ஐயா என்று எழுதினார்கள், ஒரு தடவை காய்ச்சல் என்றும் ஒரு தடவை வீட்டில் விசேஷம் என்றும் எழுதிவிட்டு, அவர்கள் ஹோட்டல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எடுத்த படத்தை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

அவர்களுக்கெல்லாம் அவர் குரல் கொடுத்து வைத்திருக்கிறார், அதுவும் யாருக்கும் தெரியாது. முகிலரசு பெங்களூரில் இருக்கிற இளைஞன், தமிழ்நாட்டுக் குளங்களைப் பற்றி இரண்டாயிரம் கட்டுரை எழுதியிருக்கிறான், ஒரு குளத்தின் மதகு எத்தனை என்பதற்குக்கூட அரசாங்க அறிக்கையைச் சான்றாக வைப்பான், அவனுடைய எழுத்தைக் கல்லூரி அலுவலகத்துச் சூப்பரிண்டெண்ட் பரமசிவம் பிள்ளையின் குரலில்தான் வாசிக்கமுடிகிறது, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு ரப்பர் முத்திரை விழும். 'சான்று எங்கே?' டப். 'சான்று இல்லாமல் எண்ணை மாற்றக்கூடாது என்பது விதி.' டப். கழிக்கரை83-க்கு ஒரு பஸ் கண்டக்டரின் குரல், தினமும் காலையில் அவர் போன ஏழாம் நம்பர் பஸ்ஸில் இருந்தவன், யார் என்ன கேட்டாலும் சண்டைக்கு வருகிற மாதிரியே பதில் சொல்லுவான். பெயரில் 83 இருப்பதால் பிறந்த வருஷமாக இருக்கும், நாற்பது சொச்சம் வயதுள்ள ஆள், மீசை வைத்திருப்பான், என்று அவராகவே ஒரு உருவமும் கொடுத்து வைத்திருந்தார். இந்தக் குரல்கள் எல்லாம் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியவை. பரமசிவம் பிள்ளை செத்தே நாலு வருஷம் ஆகிறது. புதிதாக ஒரு குரலும் உள்ளே வருவதில்லை, இருக்கிற சரக்கை வைத்துத்தான் உலகம் முழுக்கப் பேசவேண்டியிருக்கிறது. மனைவி வடிவின் குரல்? அதை அவர் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதில்லை. எடுத்துப் பார்த்தால் தேய்ந்துவிடுமோ என்று ஒரு பயம். போன ஆவணியில் ஒருநாள் எடுத்துப் பார்த்தார், அவள் அவரைக் கூப்பிடுவது வந்தது, 'இந்தாங்க' என்று கடைசியில் கொஞ்சம் இழுப்பது, ஆனால் அது அவள் குரல்தானா, அவள் அக்கா குரலா என்று சந்தேகம் வந்துவிட்டது, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு இருபத்தைந்து. அழுத்தவேண்டியதுதான். கழிக்கரை83-க்கு மூன்று எச்சரிக்கை கொடுத்தாயிற்று, மூன்றும் அவர் கையால் எழுதியவை, முதலாவது 'அன்புள்ள பயனருக்கு வணக்கம்' என்று ஆரம்பிக்கும், இரண்டாவதில் அன்பு இல்லை, மூன்றாவதில் வணக்கமும் இல்லை. அதன் பிறகும் நேற்று சாயங்காலம் மறுபடி அந்த ஏழு எட்டானது. முகிலரசு உடனே எழுதிவிட்டான், விதி எல்லோருக்கும் ஒன்றா என்று அறிய விரும்புகிறேன், டப். நாளை மூன்றரைக்குள் முடிவு சொல்கிறேன் என்று அவர் பதில் போட்டார். அது அங்கேயே முடிந்திருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் அவருடைய பேச்சுப் பக்கத்தில் கழிக்கரை83 வந்து எழுதியிருந்தார். 'நிர்வாகி ஐயா, நான் எழுதுவதை எல்லாம் அழித்துவிடுகிறீர்கள். அதனால் இனி எழுதப்போவதில்லை. வாயால் சொல்கிறேன், கேளுங்கள். மூன்று மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். நீங்கள் மூன்றரைக்கு முடிவு சொல்வதாகப் போட்டிருக்கிறீர்கள். அதற்குள் கூப்பிட்டால் பேசலாம். கூப்பிடாவிட்டால் இந்தப் பக்கமே இனி வரமாட்டேன்.' கீழே ஒரு கைப்பேசி எண். பொது இடத்தில் யாரும் தன் எண்ணைப் போடக்கூடாது, கண்டவர்கள் கூப்பிடுவார்கள், அதனால் அதை உடனே மறைத்துவிடுவது நிர்வாகியின் கடமை, மறைத்தார். மறைப்பதற்கு முன்னால் பக்கத்தில் கிடந்த குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டது எந்தக் கடமை என்று தெரியவில்லை. பத்து எண்கள். கடைசியில் இரண்டு சைபர். கேளுங்கள் என்று எழுதியிருக்கிறான். உலகத்தில் எத்தனையோ நிர்வாகிகள் இருக்க, என்னிடம் வந்து கேளுங்கள் என்கிறான்.

எழுதித்தான் அனுப்பவேண்டும் என்று பதில் போடலாம். போட்டால் அவன் போய்விடுவான். போனால் என்ன, பிணக்கு முடிந்தது, ஒன்பது வருஷத்தில் கோபித்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர். ஆனால் போனவர்கள் எல்லோரும் போகும்போது திட்டிவிட்டுப் போனார்கள். இவன் திட்டவில்லை. பதினேழு நாளில் ஒரு தடவைகூட ஒரு கெட்ட சொல் இல்லை, சான்று எங்கே என்று கேட்டால் 'எனக்குத் தெரியும்' என்று மட்டும் எழுதுவான், எப்படித் தெரியும் என்றால் பதில் இல்லை, மறுநாள் வந்து எட்டு ஆக்குவான். எனக்குத் தெரியும். அதைக் கண்டக்டர் குரலில் வாசித்துப் பார்த்தார், பொருந்தவில்லை. பரமசிவம் பிள்ளை குரலில் பொருந்தவே இல்லை. அவரிடம் இருந்த எந்தக் குரலிலும் அது உட்காரவில்லை. வடிவைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம் என்ற நினைப்பு காலையிலேயே வந்திருந்தது, வந்த உடனே அதைத் தள்ளிவிட்டார், இப்போது அது திரும்பவும் வந்து நின்றது. வடிவுக்கு இது என்னவென்றே தெரியாது. கம்ப்யூட்டர்ல எதையோ தட்டிக்கிட்டு இருப்பாரு என்றுதான் மதுரையில் இருக்கிற மகளிடம் சொல்லுவாள், அவள் சொல்வதை உதட்டில் ஒருநாள் பிடித்தார். ஆரம்பத்தில் வடிவு எல்லாவற்றையும் அவருக்குக் கத்திச் சொன்னாள், காய்காரி சொன்னது, மாடிவீட்டில் நடந்தது, மகள் போனில் சொன்னது. பிறகு தொண்டை கட்டியது. பிறகு குறிப்பேடு வந்தது, எழுதிக் காட்டினாள். எழுதுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தோன்றியிருக்கவேண்டும். மெல்ல மெல்ல, கத்துவதற்கும் எழுதுவதற்கும் தகுதியானவை மட்டும் மிஞ்சின. கேஸ் தீர்ந்துவிட்டது. நாளைக்குத் தண்ணீர் வராது. உங்க மாத்திரை. என்ன சொன்ன என்று இவர் கேட்டால், ஒண்ணுமில்ல என்று உதடு அசையும். இந்த ஊரில் அவர் மிகச் சரியாகப் படிக்கக்கூடிய உதட்டசைவு அதுதான், யார் சொன்னாலும், எவ்வளவு வேகமாகச் சொன்னாலும், திரும்பி நின்று சொன்னாலும்கூட.

மூன்று மணி அடித்து ஐந்து நிமிஷம் ஆனதும் எழுந்தார். எழுந்தது தாகத்துக்கா வடிவுக்காகவா என்று தீர்மானிக்காமலே நடையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்துவிட்டார். அவள் தரையில் பேப்பரை விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டிவியில் ஒரு மாமியாரும் மருமகளும் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். "வடிவு, ஒரு போன் பேசணும்" என்றார். அவள் கையைத் தாழ்த்தி மெல்ல என்று காட்டினாள், அவருடைய குரல் எவ்வளவு ஏறுகிறது என்று அவருக்குத் தெரியாது. "யாருக்கு?" "தெரியாது." அவள் கீரையை ஆய்ந்துகொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று தெரிந்தது, ஒரு பக்கம் இருக்கிறது, அதில் ஒரு எண் இருக்கிறது, ஒருத்தன் மாற்றுகிறான், ஒருத்தன் திருப்பி மாற்றுகிறான், நான் தீர்ப்புச் சொல்லணும், ஒரு பயல் என் கூடப் போனில் பேசணும் என்கிறான். படகு கவிழ்ந்ததைச் சொன்னபோது அவள் கை நின்றது. "இதுக்கா இம்புட்டு வருஷமா ஒக்காந்திருக்கிய?" இதை அவர் முழுசாக உதட்டில் பிடித்தார். கேலியா வருத்தமா என்று உதடு சொல்லாது. "நான் என்னத்தப் பேச, தெரியாத ஆம்பளகிட்ட?" என்றாள். "கேட்டு எழுதினாப் போதும். அவன் சொல்லுதத அப்படியே எழுது." "எனக்குக் காது கேக்காதுன்னு சொல்லிரவா?" என்று அவள் கேட்டதாக முதலில் பட்டது, பிறகுதான் உங்களுக்குன்னு என்று புரிந்தது. "வேண்டாம். ஐயா வெளியில போயிருக்காருன்னு சொல்லு." அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எண்ணை அவர்தான் அழுத்தினார், அழுத்தி அவள் காதுப்பக்கம் நீட்டினார். ஒரு மனிதன் போனில் காத்திருக்கிறபோது கண் எங்கேயும் பார்க்காது, வடிவின் கண் கடிகாரத்துக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் எங்கோ நின்றது. பிறகு முகம் திறந்தது. வாய் அசைந்தது. பேனாவை எடுத்து எழுதினாள், அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தது, அவள் எழுத்து எப்போதும் வலதுபக்கம் சாய்ந்தே இருக்கும், காற்றில் நிற்கிற மாதிரி. 'ஆம்பள இல்ல. பொம்பள.' பஸ் கண்டக்டர் இறங்கிப் போனான். பதினேழு நாளாக அவர் ஒரு மீசைக்காரனை எச்சரித்துக்கொண்டிருந்தார். 'பேரு சுயம்புக்கனி. பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளர்.' வடிவு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். 'அக்கா பூங்கனி. 17 வயசு. அந்தப் படகுல போனா. இவளுக்கு அப்ப 10.' அடுத்த வரிக்கு நேரமானது. வடிவின் கண் பேனா முனையையே பார்த்தது. 'ஆள் கிடைக்கல.' 'அவங்க அம்மா பேரு குடுக்க விடல. போலீஸ் வந்து கேட்டப்ப எம் மக எங்க வீட்டுலதான் இருக்கான்னு சொல்லிட்டாளாம். வந்துருவா வந்துருவான்னே இருந்திருக்கா. 40 வருசம்.' அம்மா பெயர் கொடுக்கவில்லை, அதனால் போலீஸ் எழுதவில்லை, போலீஸ் எழுதாததால் பத்திரிகை எழுதவில்லை, பத்திரிகை எழுதாததால் முகிலரசு சான்று எங்கே என்கிறான், நான் ஒரு வாரம் தடை என்கிறேன். ஒவ்வொருவரும் முந்தியவர் எழுதியதைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறோம், முதல் ஆள் ஒரு தாய், அவள் எழுதவிடவில்லை. வடிவு இன்னும் எழுதினாள். 'அம்மா போன மாசி மாசம் இறந்துட்டாங்க. இப்பதான் சொல்ல முடியுது. பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை காலைல எல்லாரும் நிக்கும்போது உங்க பக்கத்தப் பாத்து எழுதி வாசிச்சுது. 27 பேருன்னு. இவ சமையல்கட்டுல நின்னு கேட்டிருக்கா.'

உங்க பக்கம் என்று எழுதியிருந்தாள். அவருடைய பக்கமா அது? யாருடைய பக்கமும் இல்லை என்பதுதான் அதன் சட்டமே. எழுந்து அறைக்குப் போனார். ஏன் போகிறார் என்று கால்களுக்குத்தான் தெரிந்தது. மூன்று இருபது. முகிலரசு அந்த எண்ணுக்கு வைத்திருந்த சான்று ஒரு பழைய நாளிதழின் படம், பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் அதற்கு இணைப்பு இருந்தது, பதினேழு நாளில் அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. இருபத்தைந்து வருஷம் நூலகத்தில் இருந்தவன் நான், பையன்களிடம் மூலத்தைப் பாருடா மூலத்தைப் பாருடா என்று சொன்னவன், சான்று இருக்கிறது என்று கண்டதும் சான்றைப் படிக்காமலே மூன்று எச்சரிக்கை எழுதியவன். அழுத்தினார். மங்கலான ஒரு பத்தி மெல்லக் கீழிருந்து மேலாகத் தெளிந்தது. விபத்து நடந்த மறுநாள் பத்திரிகை. படகில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று சரியாகத் தெரியவில்லை என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. 'நேற்று மாலை வரை இருபத்தேழு சடலங்கள் மீட்கப்பட்டன. தேடும் பணி தொடர்கிறது.' அவர் அதை மூன்று தடவை படித்தார். மீட்கப்பட்டன. தொடர்கிறது. இருபத்தேழு பேர் உயிரிழந்தனர் என்று அந்தப் பத்திரிகை எங்கேயும் சொல்லவில்லை. அன்றைக்குப் பொழுது சாய்கிறவரை கிடைத்தவர்களின் எண்ணிக்கை அது. கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதினவன் அவசரத்தில் கிடைத்தவர்களை இறந்தவர்கள் ஆக்கிவிட்டான், கிடைக்காதவர்கள் அந்த ஒரு சொல்லில் உயிரோடும் இல்லாமல் செத்தும் போகாமல் காணாமலே போய்விட்டார்கள்.

தடை என்ற பெட்டியை மூடினார். கட்டுரையைத் திறந்து, 'இருபத்தேழு பேர் உயிரிழந்தனர்' என்ற வரியை எடுத்துவிட்டு, 'மறுநாள் நாளிதழ்ச் செய்தியின்படி, விபத்தன்று மாலை வரை இருபத்தேழு பேரின் உடல்கள் மீட்கப்பட்டன, தேடுதல் தொடர்ந்தது. படகில் இருந்தவர்களின் எண்ணிக்கையும் இறந்தவர்களின் மொத்த எண்ணிக்கையும் உறுதியாகத் தெரியவில்லை' என்று எழுதினார். தெரியவில்லை என்று முடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேமித்தார். முகிலரசு உடனே வந்தான், அந்தப் பையன் எப்போதும் அங்கேயேதான் இருக்கிறான், அவனுக்கும் வேறு போக்கிடம் இல்லையோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. 'ஐயா, சரிபார்த்தேன். மூலத்தில் இருப்பது இதுதான். நான் கவனித்திருக்கவேண்டும். பதினேழு நாள் அவரைத் துரத்தியிருக்கிறேன்.' இந்தத் தடவை முத்திரை விழவில்லை, பரமசிவம் பிள்ளை இல்லை, எந்தக் குரலும் இல்லாமல் வெறும் எழுத்தாகவே அது நின்றது. வாசலில் நிழல் விழுந்தது. வடிவு போனை நெஞ்சில் வைத்துக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். "பேரப் போட்டாச்சா?" "பேரு போட முடியாது. எண்ண மாத்திட்டேன்." "ஏன் போட முடியாது?" "எங்கயும் எழுதல வடிவு. எங்கயாவது அச்சாகி இருந்தாத்தான் போடலாம்." "அதான் அவ சொல்லுதாள்லா." அவர் சொல்லக்கூடிய பதில் எல்லாம் விதியாக இருந்தது. வடிவு போனைத் திரும்பக் காதில் வைத்தாள், பேசிக்கொண்டே போனாள், முதுகு பேசுவதை அவரால் படிக்கமுடியாது.

சுயம்புக்கனிக்கு எழுதவேண்டும். தன்னுடைய பேச்சுப் பக்கத்திலேயே, காலையில் அவள் எழுதியதற்குக் கீழே. எண் மாறியதையும் அது ஏன் என்பதையும் எழுதினார், உங்கள் அக்காவின் பெயரைச் சேர்க்க இப்போது வழியில்லை என்று எழுதினார், எச்சரிக்கைகளுக்கு வருந்துகிறேன் என்று எழுதினார். முடிந்துவிட்டது. இல்லை, ஐயா வெளியே போயிருக்கிறார் என்று வடிவு சொல்லியிருப்பாள், மூன்றரைக்குள் எழுத்தில் வந்து நிற்கிற ஐயா போனில் வர மட்டும் எங்கே போனார் என்று சுயம்புக்கனி நினைக்கமாட்டாளா. நினைத்தால் நினைக்கட்டும். நாற்பது வருஷம் வீட்டுலதான் இருக்கான்னு ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். விரல்கள் எழுதின. 'நீங்கள் பேசவேண்டும் என்று சொன்னீர்கள். நான் வீட்டில்தான் இருந்தேன். எனக்குக் காது கேட்காது. அதனால் என் மனைவி பேசினார்.' இங்கே ஒருமுறை சேமித்தது பிறகு அழித்தாலும் பழைய பதிப்புகளில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எந்தக் காலத்திலும் போய்ப் பார்க்கலாம், மதுரை ஹோட்டல் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்ப்பார்கள். காது கேட்காதவரிடமா இத்தனை நாள் பஞ்சாயத்துக்குப் போனோம் என்பார்களோ, அல்லது பரிதாபப்பட்டு அன்புள்ள ஐயா என்று நீளமாக எழுதுவார்களோ, இரண்டில் எது மோசம் என்று யோசித்தார். மூன்று இருபத்தெட்டுக்குச் சேமித்தார். ஒன்றும் ஆகவில்லை. திரை ஒருதரம் வெளுத்து மறுபடி வந்தது, அவர் எழுதியது மற்றவர்கள் எழுதியதைப் போலவே கறுப்பாக இருந்தது. பத்து நிமிஷம் காத்திருந்தார், யாரும் வரவில்லை, முகிலரசுகூட.

கூடத்துக்கு வந்து பார்த்தபோது வடிவு சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், டிவியை அணைத்திருந்தாள். குறிப்பேடு மேசைமேலேயே கிடந்தது, சமையல்கட்டில் நின்னு கேட்டிருக்கா என்பதோடு எழுத்து நின்றுபோயிருந்தது, கீழே பாதிப் பக்கம் வெள்ளை. அவள் எழுதுவதை நிறுத்தியே இருபது நிமிஷம் இருக்கும். இப்போது கேட்கவில்லை, அவள்தான் பேசினாள். எதையோ விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள், நடுவில் கண்ணைத் துடைத்தாள், பிறகு எதற்கோ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம். அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அவர் நடையிலேயே நின்றார். அவள் என்ன சொல்லுகிறாள்? காய்காரியையா, மாடிவீட்டையா, மகளையா, அவரையா? அவரைப் பற்றித்தான் சொல்லுகிறாள் என்று திடீரென்று நிச்சயமாகத் தோன்றியது, அதைத் தெரிந்துகொள்ள அவரிடம் எந்த வழியும் இல்லை. அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தார். பொங்குகிற சத்தம் அவருக்குக் கிடையாது, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்து இறக்கவேண்டும். இரண்டு டம்ளரில் காப்பி கலந்து ஒன்றைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தார். அவள் பேச்சை நிறுத்தாமல் காலை மட்டும் ஒதுக்கிக்கொண்டாள். அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் காப்பியில் ஆடை படிந்தது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் போனைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னா?" என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு அவள் உதட்டைப் பார்த்தார், வரப்போவது எது என்று தெரிந்தே பார்த்தார். வடிவு குறிப்பேட்டைத் தேடிக் கையை நீட்டினாள், எட்டவில்லை, நீட்டிய கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பிறகு தரையில் இருந்தபடியே ஜன்னல் பக்கமாக நகர்ந்து, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். பூங்கனி அன்றைக்குக் காலையில் தங்கச்சிக்குத் தலை பின்னிவிட்டுப் போனாள் என்பதுவரை அவருக்குப் பிடிபட்டது. பிறகு அவள் வேகம் கூடியது, கைகள் அசைந்தன, உதடு நடுங்கியபோது சொற்கள் உருவம் கலைந்து போயின. கழி என்பது தெரிந்தது. அம்மா என்பது இரண்டு தடவை தெரிந்தது. அவர் இடையில் நிறுத்தவில்லை, திரும்பச் சொல் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே, விடுபட்டது எவ்வளவு என்று தெரியாமலே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.